சோக்கால் ‘ஆள் வருவாங்க’ என்று எழுதிய மெஷின்

யோகா அக்கா போய்விட்டார். பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே பழைய தையல் மெஷின் வாங்கி விற்ற யோகா அக்கா.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்... நாற்பது வயதுகூட இல்லை. அவருடைய வீட்டுக்காரர் போட்ட பதிவில்தான் பார்த்தேன்.

இந்த ஐடியில் பூப் படமும் வேறு பெயரும்தான் இருக்கும். போர்வைக்குள் இருந்து டைப் செய்கிறேன். அப்பா இருமும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அக்கா கடைக்கு முதல்முறை போனது ஸ்கூல் விட்டு, வெள்ளை யூனிபோர்மோடு.

“தோல் தைக்க ஒரு மெஷின் வேணுங்க அக்கா.”

“யாருக்கு? அப்பாவுக்கா?”

“எனக்குத்தாங்க. பைக் ஓட்டுறவங்க போடுற கிளவுஸ், முழங்கால் கார்ட்... அதெல்லாம் தைக்கணும்.”

“பைக் இருக்கா?”

“இல்லைங்க.”

“லைசன்?”

“இன்னும் வயசு பத்தலைங்க.”

“சரிதான். குதிரையக் காணோம், சேணம் தைக்க வந்திருக்கு புள்ள.”

சிரித்தார். ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

என் அண்ணன் எல்ல டவுனில் பைக் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் வேலை. வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன கிழிந்த கிளவுஸைக் கொண்டுவந்தான். நான் கையால் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் சரளைக் கல்லில் விழுந்தான். உள்ளங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தையல்தான் பிரிந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு மெஷின் வேண்டும்.

வீட்டில் சொல்ல முடியாது. அம்மா ஸ்கூலைப் பாதியில் விட்டு கார்மண்ட்ஸில் மெஷின் தைக்கப் போனவர். திரும்பி வந்து இப்போது தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். அப்பா சொல்வது எப்போதும் ஒன்றுதான். “மெஷின்ல உக்காந்த புள்ள படிப்புக்குத் திரும்பாது.”

அன்றைக்கு நான் கை நீட்டிக் காட்டியது புதிதாய் பெயின்ட் அடித்த ஒரு வெள்ளை மெஷினை. ஃபாக்டரியில் ஓடிய மெஷின் எதையும் தைக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. மேசையில் கிடந்த துணியை வைத்ததும் பறந்தது. இதுதான் வேண்டும் என்றேன்.

“கர்சீப்ப வச்சு மெஷின் பாக்காத. நீ என்ன தைக்கப் போறியோ அதக் கொண்டுவா.”

அடுத்த வாரம் பழைய சோபாவில் வெட்டிய தோலும், அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிய தடித்த பழைய படங்குத் துணியில் ஒரு துண்டும் கொண்டுபோனேன். தோலையும் படங்கையும் மடித்து வைத்தோம். வெள்ளை மெஷின் கத்தியது. மேல் தோல் ஒரு பக்கம் இழுபட, கீழ்த் தோல் அப்படியே நிற்க, ஊசி உடைந்து எங்கேயோ தெறித்தது.

அக்கா மூலையில் கிடந்த சாம்பல் நிற மெஷின் மேல் மூடியிருந்த சாக்கை எடுத்தார். பஸ் சீட் தைத்ததாம். பெயின்ட் உரிந்து, பார்க்கவே சகிக்காது.

“இதுக்குக் காலு நடக்கும், பாரு.”

பக்கத்தில் இருந்த சில்லுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினார். தோலை அழுத்துகிற அந்தக் கால், ஊசியோடு சேர்ந்து தூக்கி வைத்து, தூக்கி வைத்து நடந்தது. மேல் தோலும் கீழ்த் தோலும் ஒன்றாக வெளியே வந்தன.

“மோட்டர மாத்தி மெதுவா ஓட வச்சித் தாரேன். துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். தோல்ல விழுந்த ஓட்டை ஓட்டைதான்.”

இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் தயங்காமல் சொல்வேன். பெயின்டைப் பார்க்காதீர்கள். மோட்டரைப் போடாமல் சில்லைக் கையால் திருப்பிப் பாருங்கள். உங்களிடம் இருப்பதில் ஆகத் தடித்த தோலைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தையலாக நிறுத்தித் தைக்க முடியாவிட்டால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்காலர்ஷிப் பணத்தில் வாங்கினேன். அதுவும் வீட்டுக்குத் தெரியாது. மெஷின் கடையிலேயே இருந்தது... ஸ்கூல் விட்டு, பஸ் வரும் வரைக்கும் போய்த் தைப்பேன்.

அக்காவும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான். கடை திறந்ததும் ஒவ்வொரு மெஷினின் சில்லையும் தட்டிக்கொண்டே போவார். கேட்டால், “பெரட்டு எடுக்கிறேன். பேர் கூப்பிட்டா ஆள் நிக்கணும்ல” என்பார். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவார்களே, அது. மெஷின் எல்லாவற்றிலும் சொந்தக்காரர் பெயரைச் சோக் கட்டியால் எழுதி வைத்திருப்பார்.

என் பெயரை எழுத வேண்டாம் என்றேன். எங்கள் லயத்து ஆட்கள் கடைக்கு வருவார்கள்.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு ‘ஆள் வருவாங்க’ என்று எழுதினார். அதற்குப் பிறகு கடையில் எனக்கு அதுதான் பெயர். “ஆளு, டீ குடிக்கிறியா?” “ஆளு, பஸ் போயிரப் போவுது.” மற்றவர்கள் முன்னால் ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார்... கருமாதி முடிந்ததும் கடையை மூடுகிறாராம். பெயர் எழுதிய மெஷின்களைச் சொந்தக்காரர்கள் வந்து எடுக்கலாம். பெயர் இல்லாததை எல்லாம் மொத்தமாகக் கொடுத்துவிடப் போகிறார். போட்டோவில் மூலையில் சாம்பல் மெஷின் தெரிகிறது. கீழே ஒருவர், “அது யாருடையதும் இல்லை போல, நான் எடுக்கிறேன்” என்று கமெண்ட் போட்டிருக்கிறார்.

யோகா அக்கா வீட்டு அண்ணா, அது என்னுடையது. காலுக்கு அடியில் படங்குத் துண்டு இருக்கும். மேசை லாச்சியில் இடது கை கிளவுஸ் ஒன்று, பெருவிரல் மட்டும் தைக்காமல். வலது கை என்னிடம் இருக்கிறது.

என் பெயர் மகேஸ்வரி. தயவுசெய்து ‘ஆள் வருவாங்க’ என்பதை அழித்து, இதை எழுதிவிடுங்கள்.

எங்கள் லயத்தில் பாதிப் பேர் இந்த ஐடியில் ஃப்ரெண்ட்ஸ். விடிந்தால் யாராவது அப்பாவிடம் காட்டுவார்கள். அப்பா, காலையில் ஏழு மணி பஸ்ஸுக்கு ஸ்கூலுக்குப் போவேன். எப்போதும் போல. திட்டுவதை வந்த பிறகு திட்டுங்கள்.

யோகா அக்கா, போயிட்டு வாங்க.

ஆள் வந்துட்டேன்.