அறுபது அபுல் ஹசன்

சிதம்பரத்தில் போய் அபுல் ஹசன் என்று கேட்டால் எந்த அபுல் ஹசன் என்பார்கள். 'அறுபது' என்றால் போதும், டாக்சி ஸ்டாண்டுக்குக் கை காட்டிவிடுவார்கள். அவருடைய அம்பாசடர் மணிக்கு அறுபது மைலில் பறக்கும். அப்படித்தான் ஸ்பீடாமீட்டர் முள் சொன்னது. முள்ளை நம்பி அவரும் ஊரெல்லாம் சொன்னார். சவாரி வந்தவர்கள் முள்ளை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கடலூர் பஸ் அவரைத் தாண்டிப் போனால், "எண்பதுல போறான் பாரு, சாவப் போறான்" என்று பரிதாபப்படுவார். பஸ்ஸில் இருந்தவர்கள் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அறுபத்து நாலாம் வருஷம் முள் நடுங்க ஆரம்பித்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் லூர்துசாமியிடம் வண்டியை விட்டார். லூர்துசாமிக்குக் கை சும்மா இராது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மைல் கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான்.

"பாய், ஒங்க அறுபது வெறும் நாப்பதுதான். உள்ள ஸ்பிரிங்கு தொய்ஞ்சி கெடந்துச்சி. இறுக்கிட்டேன். இனிமே முள்ளு பொய் சொல்லாது."

"ஒன்ன யாருடா கேட்டா?"

பாடுபட்டுச் சம்பாதித்த பேர் ஒரே திருகில் போய்விட்டது. முள்ளை மறுபடி அறுபதுக்கு ஏற்றிவிடுவது என்று அபுல் ஹசன் கிளம்பினார். திரும்பும்போது, கூட வந்திருந்த மனைவி ஆசியா உம்மாள் பின் சீட்டில் இருப்பதையும் மறந்து ஆக்சிலேட்டரை மிதித்தார்.

முள் ஐம்பதைத் தாண்டியது. கதவெல்லாம் கடகடவென்று ஆடியது. புளியமரங்கள் மேலே விழ வந்தன.

"ஏங்க, வூட்டுக்குப் போறமா, கபுருக் குழிக்குப் போறமா?"

"சும்மா கெட. எப்பவும் போற அறுபதுதான்."

முள் அறுபதைத் தொட்ட நேரம் பார்த்து, புவனகிரிக்கு முன்னால் ஓர் எருமை சாலையைக் கடக்க முடிவு செய்தது. வண்டி பிரேக்கில் கத்தி, வரப்பில் ஏறி நின்றது. எருமை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனது. அபுல் ஹசன் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆசியா உம்மாள் அன்றைக்குப் பேசியதை அச்சில் போட முடியாது.

மறுநாள் லூர்துசாமி கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றார்.

"லூர்து, பழையபடி கெடுத்து வுட்டுடு."

"என்னா பாய், சரி பண்ணுனத போயி..."

"நாப்பதுல போறவன்னு பேரும் வேணாம், அறுபதுல போயி மவுத்தாவவும் வேணாம்."

லூர்துசாமி சிரித்துக்கொண்டே ஸ்பிரிங்கைத் தளர்த்த ஆரம்பித்தான். அபுல் ஹசன் தாடியைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"கெடுக்கறதுதான் கெடுக்கற, ஒரு எழுபதா வச்சுடேன்."