கருப்பட்டி சீனி இல்லை என்று நான் சொன்னது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல வெட்கப்பட்டதே இல்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவ நின்றவன், இன்றைக்கு ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கு ஒரே காலையில் சமைத்து அனுப்புகிறேன். ஊறிய உளுந்தை விரலால் நசுக்கிப் பார்த்தே எத்தனை மணி நேரம் ஊறியது என்று சொல்லிவிடுவேன். சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு ஒருவர் பாடம் நடத்த முடியும் என்று போன வருஷம் வரை நான் நினைத்ததில்லை.

போன வருஷம் என் ஒரே மகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஆறு மாதம் முடியும் சமயம், வெறும் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பகால நீரிழிவு என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஒரு வலி இல்லை, மயக்கம் இல்லை. விரலைக் குத்திப் பார்க்க ஒரு சின்ன மெஷின், சாப்பிடுவதையெல்லாம் எழுத ஒரு நோட்டு. குத்திப் பார்த்ததும் அந்த எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். நான்தான் அனுப்பச் சொன்னேன். கல்யாண மண்டபத்தில் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது கூட சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. உளுந்தங்களி கிண்டினேன். உளுந்தும் பச்சரிசியும் வறுத்து அரைத்த மாவைக் கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிளறி, நல்லெண்ணெய் விட்டு இறக்குவது. இடுப்பு எலும்புக்கு உறுதி என்று எங்கள் பக்கத்தில் பெண்களுக்குக் கொடுப்பது. வாயைக் கட்டச் சொன்ன பெண்ணுக்குக் களியா என்று மனைவி கேட்டாள். சீனிதான் கெடுதல், கருப்பட்டி மருந்து என்று ஒரே பேச்சில் அவள் வாயை அடைத்தேன். இதே வார்த்தையை எத்தனை வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருப்பேன். என் மகளும் அதைக் கேட்டே வளர்ந்தவள்.

தினமும் மாலை உட்லண்ட்ஸில் இருக்கும் அவள் வீட்டுக்கு நானே வேனை ஓட்டிக்கொண்டு போவேன். மலேசியாவுக்குப் போகும் பாலத்தை நோக்கி வண்டிகள் அடைத்து நிற்கும். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருப்பேன். களி ஆறிவிடக் கூடாதே என்று கவலை. அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்கும் எண் மட்டும் இறங்கவே மாட்டேன் என்றது. அவள் மத்தியானச் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு சோற்றையே நிறுத்தினாள். பசியோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். எடை குறைந்தது, எண் குறையவில்லை. தன் உடம்புதான் பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறது என்று ஒருநாள் போனில் அழுதாள். நான் என்ன செய்தேன்? மறுநாள் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி களி கூட வைத்தேன்.

ஸ்கேனில் பிள்ளையின் வயிறு மாதத்துக்கு மிஞ்சிப் பெரிதாக இருக்கிறது என்றார்கள். என் பேரப்பிள்ளை இப்போதே ஆள் பெரிசு என்று கடை முழுக்கச் சொன்னேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மருமகனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. நான் கூடப் போனேன்.

நோட்டைப் பார்த்த தாதி தமிழ்ப் பெண். பிள்ளை பெரிதாவது சந்தோஷப்படும் விஷயம் இல்லை என்று அவள்தான் எனக்குப் புரியும்படி சொன்னாள். தாயின் ரத்தத்தில் இருக்கும் அதிகச் சீனி பிள்ளைக்கும் போகிறது. அதைச் சமாளிக்கப் பிள்ளையின் உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரந்து, தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு வைக்கிறது. பிறக்கும்போது தலை வந்து தோள் மாட்டிக்கொள்ளலாம், கை நரம்பு இழுபடலாம். தொப்புள்கொடி அறுத்ததும் தாயின் சீனி நின்றுபோய், பிள்ளைக்குச் சீனி சட்டென்று இறங்கலாம். தாய்க்கும் ரத்த அழுத்தம் ஏறலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டி வரலாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்றேன்.

தாதி நோட்டைத் திருப்பினாள். "தினமும் சாயந்தரம் உளுந்துன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன? சுண்டலா?"

மகள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "உளுந்தங்களி. நானே கிண்டுறது. சிங்கப்பூர்ல அந்தப் பதம் யாருக்கும் வராது."

"அதுல என்ன போடுவீங்க அங்கிள்?"

பெருமையாகவே சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், கருப்பட்டியும் சீனிதான். ரத்தத்துக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

மகள் என்னைப் பார்க்கவில்லை. தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கரும்புள்ளிகள். "சோத்த நிறுத்திட்டுப் பட்டினி கிடந்தேன்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

களியை நிறுத்தியதும் மாலை எண் இறங்கியது. அளந்து வைத்த சோற்றை மறுபடியும் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்ட பிறகு நடக்கச் சொன்னார்கள். ஆனால் காலையில் வெறும் வயிற்று எண் அடங்கவில்லை. அதற்குக் களி காரணம் இல்லை, சிலருக்கு அப்படித்தான் என்றாள் தாதி. எனக்கு மனசு ஆறவில்லை. படுக்கப் போகுமுன் இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். தன் தொடையில் தானே குத்திக்கொள்வாள் என் மகள்.

காத்திருக்க வேண்டாம் என்று நாள் குறித்து வலி வரவைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெண் குழந்தை பிறந்தது. தோள் வெளியே வரக் கொஞ்சம் தாமதமானது என்று மருமகன் வந்து சொன்னபோது அவர் உதடு வெளுத்திருந்தது. என்னை உள்ளே விட்டதும் முதலில் குழந்தையின் இரண்டு கையும் அசைகிறதா என்றுதான் பார்த்தேன். அசைந்தது. ஆனால் குதிகாலில் குத்தி எடுத்த சீனி குறைவு. பால் கொடுத்துவிட்டு மறுபடியும் பார்க்கலாம், ஏறாவிட்டால் குழந்தையைத் தனியாகக் கொண்டுபோய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

குழந்தை மூன்று உறிஞ்சு உறிஞ்சும், தூங்கிவிடும். மகள் அதன் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்புவாள். நான் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, உட்காருங்க லா. உங்களப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது."

உட்கார்ந்தேன். மறுபடியும் குதிகாலைக் குத்தினார்கள். அது வீறிட்டு அழுதது. தாதி மெஷினைப் பார்த்துத் தலையாட்டினாள். குழந்தை தாயிடமே இருக்கலாம்.

அப்போதுதான் மகளிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அவள், "தெரியும்பா. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றாள்.

ஆறு வாரம் கழித்து அவளுக்குத் திரும்பவும் அந்தச் சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனை. சரியாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வர வாய்ப்பு அதிகம், அதனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தேதியை அவளுக்கு முன்னால் நான்தான் நினைவு வைத்திருக்கிறேன்.