தாத்தாவை யாரென்று கேட்கக் கூடாது

எங்கள் தெருவுக்குச் செய்தித்தாள் வராது. தேவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் உபதேசியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அறிவிப்பு சொல்ல ஆரம்பித்தால் அந்த வாரத்துச் சங்கதி முழுக்க வந்துவிடும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு அம்மை போட்டிருக்கிறது, யார் வீட்டுப் பெண்ணை மணவூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், யாருடைய ஆடு கல்லறைத் தோட்டத்தில் புகுந்து மேய்ந்தது, எல்லாம் சொல்வார். ஆட்டுக்காரரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். சர்ச்சில் இருக்கிற அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பும். ஆட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

திருத்தணி முருகனுடைய ஊர். நாங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு தெரு. போதகர் அரக்கோணத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முறை ரயிலேறி வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் போய்விடுவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எங்களுக்கு எல்லாம். எங்களைச் சுற்றி நெசவுக்காரக் குடும்பங்கள். அவர்கள் மார்கழி முழுக்க விடியற்காலையில் பஜனை பாடிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். எங்களுக்கும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கேரல் ரவுண்டு அதே மார்கழியில்தான். எங்களிடம் டோலக் கிடையாது. அவர்களுடைய பஜனை டோலக்கைத்தான் சாயங்காலம் வாங்கிவந்து கர்த்தருக்கு வாசித்துவிட்டு, விடிவதற்குள் பெருமாளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதற்காக யாரும் யாரிடமும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

கேரல் ரவுண்டில் பாட்டைவிடப் பெரிய விசேஷம் தாத்தாதான். கிறிஸ்துமஸ் தாத்தா. மெட்ராஸிலிருந்து யாரோ வாங்கிவந்த அட்டை முகமூடி, கன்னம் இரண்டும் ரோஸ் கலரில் உப்பியிருக்கும். பஞ்சுத் தாடி. சிவப்புத் துணியில் ஓர் அங்கி. கைக்குப் பழைய வெள்ளைக் காலுறை. கால் மட்டும் வெறுங்கால். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் டோலக் அடிக்கு ஆடிக்கொண்டே வந்து, எல்லோருக்கும் கைகொடுத்து, குழந்தைகளை அழவைத்து, உடனே சமாதானமும் செய்வார்.

தாத்தாவுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. அவர் வாய் திறந்து பேசக் கூடாது. அவரை யாரும் யாரென்று கேட்கக் கூடாது. தெருவே பத்திருபது வீடுதான், காலைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஆனாலும் கேட்க மாட்டோம். நூறு வயதுக் கிழவனிடம் பேசுவதுபோல், வழியில் மழையா, மாட்டுவண்டியில் வந்தீர்களா என்றுதான் விசாரிப்போம்.

அந்தத் தாத்தா நாலைந்து வருஷமாக என் தம்பி.

அவன் அரக்கோணத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். தினமும் ரயிலில் போய் வருவான். வீட்டில் அவனைப்போலச் சோம்பேறி கிடையாது. ஒரு குடம் தண்ணீர் எடுத்துவரச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது, நீயே போ அக்கா என்பான். அங்கியை மாட்டிக்கொண்டால் மட்டும் அந்த இடுப்பு எங்கே போகுமோ தெரியாது, அப்படி ஆடுவான். கிழிந்த அங்கியைத் தைத்துக் கொடுப்பது அம்மாதான். எங்கள் கொடியில்தான் அது காயும். இருந்தும் தாத்தா எங்கள் வாசலுக்கு வந்தால் அம்மா முகத்தைத் துளிக்கூட மாற்றிக்கொள்ளாமல், எந்த ஊர் தாத்தா உனக்கு, பிள்ளைகள் எத்தனை, மருமகள் சோறு போடுகிறாளா என்று கேட்பாள். அவன் இல்லை இல்லை என்று தலையாட்டி வயிற்றைத் தட்டிக் காட்டுவான். அம்மா தட்டை நீட்டினால் ஒன்றுக்கு இரண்டாக அதிரசத்தை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவான். பிறகு வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தாத்தா வந்தாராம்மா என்று கேட்பான். ஆங், வந்தாரு, நல்ல மனுஷன், பாவம், பசியோட இருந்தாரு என்பாள் அம்மா. நைனா போர்வைக்குள் சிரிப்பார். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கிற கேங்மேன், எதற்கும் சீக்கிரம் சிரிக்காதவர்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆவணி மாதத்தில், தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அதற்கும் அடங்காமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அவனைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். அவனுக்கு அப்போது கல்யாணம் பேசுகிற வயசுகூட ஆகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

எங்கள் தெருக்காரர்கள் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனால் சில வழக்கங்கள் தண்ணீரில் நனையாமல் கரையேறிவிட்டன. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, வாசலில் நட்சத்திரம் கட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேரல் கோஷ்டி அந்த வீட்டருகில் வரும்போது பாட்டை நிறுத்தி, விளக்கைத் தணித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் கடந்துபோகும். துக்கத்துக்குக் கொடுக்கிற மரியாதை அது. நானே அப்படி எத்தனையோ வீடுகளைக் கடந்துபோயிருக்கிறேன்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அறிவிப்பு சொன்னார். எந்த வீட்டில் காப்பி, எந்த வீட்டில் சுண்டல், எங்கே ஆரம்பம், எங்கே முடிவு. எங்கள் வீடு வந்தபோது குரலைத் தணித்துக்கொண்டார். வழக்கப்படி அங்கே மௌனமாகக் கடந்துபோவோம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த வருஷம் தாத்தா வரமாட்டார் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் யாரென்று சொன்னதாகிவிடுமே. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பெண்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. மரியாதையாம். எங்கள் வீட்டை மட்டும் இருட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு இவ்வளவு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆராதனை முடிந்ததும் அம்மா நேரே உபதேசியாரிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

“எங்க வீட்டாண்ட பாட்ட நிறுத்தாதீங்கய்யா. மத்த வீட்டாண்ட எப்டி வருவீங்களோ அப்டியே வாங்க. தாத்தாவும் வரணும்.”

உபதேசியார் திகைத்துப்போனார். ஊர் தப்பாகப் பேசும் என்றார். பிள்ளை போய் நாலு மாசம் ஆகவில்லை, ஆட்டமும் பாட்டமும் கேட்கிறதா என்பார்கள் என்றார். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காதீர்கள் என்று நீங்கள்தானே பிரசங்கம் செய்கிறீர்கள் என்று அம்மா திருப்பிக் கேட்டாள். உபதேசியார் மெதுவாக, தாத்தா வேஷத்தை இப்போது யாரம்மா கட்டுவார்கள் என்றார்.

“அத்த ஏங்கய்யா எங்கிட்ட கேக்குறீங்க? அது யாருன்னு எனுக்கு எந்த வருஷமும் தெரியாது.”

அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சரிம்மா, பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் உபதேசியார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அம்மாவுக்குப் பாட்டு வேண்டாம், பண்டிகை வேண்டாம். முகமூடி ஒன்று வாசலில் வந்து நிற்க வேண்டும். அதற்குள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அவள் அதனுடன் பேச வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது, புத்தி கலங்கிவிட்டதோ என்று. ஆனால் அம்மாவுக்குப் புத்தி நன்றாகவே இருந்தது. செத்தவன் செத்தவன்தான் என்று எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. ஊர் சிரிக்கும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா மாவு இடித்தாள். பக்கத்து நெசவுக்காரர் வீட்டு அம்மா வழக்கப்படி முறுக்கும் அதிரசமும் ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தொடாமல் அம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். பாகு மாவு வெந்த வாசனை தெருக் கோடிவரை போனது. அன்று எங்கள் வீட்டைக் கடந்த பெண்கள் எல்லோரும் கொஞ்சம் நின்று, மூக்கை உறிஞ்சி, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். சொல்ல வேண்டியதைக் குழாயடியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பெரியவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள், இருட்டியதும் டோலக் சத்தம் கேட்டது. அம்மா தலைசீவி, வெளுத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதிரசத் தட்டுடன் வாசற்படியில் நின்றாள். நைனா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வீடாகச் சத்தம் நெருங்கியது. எங்களுக்கு முந்தின வீட்டில் பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. விளக்கைத் தணிக்கிறார்கள், அவ்வளவுதான், கடந்துபோய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களைச் சபிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது டோலக் மறுபடி கேட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எங்கள் வாசலில் விழுந்தது. பாடிக்கொண்டே வந்தார்கள். முன்னால் சிவப்பு அங்கி.

அது பழைய ஆட்டம் இல்லை. காலை எடுத்து வைப்பதற்கே யோசித்துக்கொண்டு வந்தது. அம்மா அந்தக் கால்களைப் பார்க்கவே இல்லை. முகத்தைத்தான் பார்த்தாள். அந்த ரோஸ் கன்னத்தையும் பஞ்சுத் தாடியையும் பார்த்துச் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“வா தாத்தா. ரொம்ப தூரத்துல இருந்து வந்துகினு கீறியே. வழியில குளுருதா?”

தாத்தா தலையாட்டினார். அங்கே சாப்பாடெல்லாம் எப்படி, யாராவது பார்த்துப் போடுகிறார்களா என்று அம்மா கேட்டாள். அதற்கும் தலையாட்டினார். உடம்பு இப்போது தேவலையா என்று கேட்டாள். பாடிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒவ்வொன்றாகக் கம்மியது. டோலக் அடிப்பவர் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு அடித்தார். அம்மா காலுறை மாட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் அதிரசம் ஒன்றை எடுத்து முகமூடியின் வாய்க்கு நேரே நீட்டினாள். தாத்தா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். எப்போதும் அப்படித்தான் செய்வார். ஆனால் அங்கி நடுங்கியது. தோள் இரண்டும் குலுங்கின.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போகிற ஆண்கள் வாசலிலேயே தலைப்பாகையை அவிழ்த்துவிடுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் தலையை மூடிக்கொண்டு நிற்பதே தப்பு. இவன் முகத்தையே மூடிக்கொண்டு நின்றான். அது பொறுக்கவில்லை போலும். இரண்டு கையாலும் முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றிவிட்டான். தம்பியுடன் ஒரே வகுப்பில் படித்தவன், தெருக்கோடி வீட்டுப் பையன். தம்பியின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன். முகமெல்லாம் கண்ணீர்.

“மன்னிச்சிருங்க பெரிம்மா. உங்க முன்னால இத்த மாட்டிகினு நிக்க என்னால முடில.”

டோலக் நின்றுவிட்டது. அம்மா அவனைப் பார்த்தாள். யாரோ வழி தப்பி வந்தவனைப் பார்ப்பதுபோல் முதலில் பார்த்தாள்; பிறகுதான் அவனைத் தெரிந்துகொண்டாள்.

“ஏம்பா கழட்டின?” என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவன் இன்னும் அழுதான். அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அதிரசத்தை அவன் வாயில் வைத்தாள். மாட்டிக்கொள், அடுத்த வீட்டுக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று அவளே முகமூடியை வாங்கி அவனுக்குக் கட்டிவிட்டாள். தாடியைச் சரிசெய்தாள். தட்டை எல்லோருக்கும் நீட்டினாள். உபதேசியார் ஜெபம் செய்ய ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, ஆமென் மட்டும் சொன்னார். அவர்கள் போனார்கள். அடுத்த வீட்டில் டோலக் பழையபடி துள்ளியது, குழந்தைகள் கத்தினார்கள்.

அந்தப் பையன் செய்தது நல்ல மனசில் செய்தது. அதை அன்றைக்கே நான் அறிவேன். இருந்தாலும் ரொம்ப நாள் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா உள்ளே வந்து அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நைனா எழுந்து வந்து அவளுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிருப்பான்டி.”