சுண்ணாம்பு குடித்த தக்காளி

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில்தான் வேலை. ஒக்கூரில் எங்கள் கிணற்றடி நிலத்தில் நிழல்வலைக் குடில் போட்டுத் தக்காளி வைக்கலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து அவரை வரவழைத்தேன். ஒரு வெள்ளாமை பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் வந்தார். பழைய முதலாளியும் இவருடைய வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

முதல் காய்கள் திரண்டதும் அடிப்பக்கம் கறுத்து அமுங்கின. கண்பட்டுவிட்டது என்று இவர் குடில் வாசலில் பூசணிக்காய் கட்டினார். நான் இரண்டு காயைப் பையில் போட்டுக்கொண்டு திருப்பத்தூர் உரக்கடைக்குப் பஸ் ஏறினேன். பிஞ்சுக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, தண்ணீரில் கரையும் கால்சியம் நைட்ரேட்டைச் சொட்டுநீரோடு விடுங்கள், தண்ணீரும் ஒரே சீராகப் போகட்டும் என்றார் கடைக்காரர். சரக்கு மறுநாள்தான் வரும் என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

மறுநாள் உரத்தோடு திரும்பினால், மனிதர் முழங்கை வரை வெள்ளையாக நிற்கிறார்.

"என்ன செஞ்சீக?"

"கால்சியம்னா சுண்ணாம்புதானே? வெள்ளையடிச்ச மிச்சம் கெடந்துச்சு, கரைச்சு விட்டுட்டேன். நம்ம ஊருப் பக்கம் வீடெல்லாம் சுண்ணாம்புலதானே நிக்கிது?"

"அது வீடு, இது செடி. தண்ணி வருதான்னு அங்குட்டுப் போயிப் பாருங்க!"

சொட்டுநீர்க் குழாயில் ஒரு துளையிலும் தண்ணீர் வரவில்லை. கரையாத சுண்ணாம்பு குழாயெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. "போறதுன்னு முடிவு பண்ணிட்டீகன்னா வாயால சொல்லுங்க, செடியக் கொல்லாதீக" என்று கத்திவிட்டேன்.

அவர் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். கடைக்காரரிடம் போனில் கேட்டு, அமிலம் கலந்த தண்ணீர் விட்டு, வரிசை வரிசையாக மண்டியிட்டு நகர்ந்து ஒவ்வொரு துளையாகத் தட்டிப் பார்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அதன்பிறகு, நான் வாங்கி வந்திருந்த உரத்தைத் தனி வாளியில் கரைத்தோம். உப்புப்போல அடிமண்டி இல்லாமல் கரைந்தது. வேறு உரத்தோடு சேர்த்தால் திரிந்துபோகும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்ததால் அதை மட்டும் விட்டோம். கறுத்த காய் இனித் தேறாது. அவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த கொத்துக்காகக் காத்திருந்தோம்.

ஒருநாள் காலையில் அவர் குடிலுக்குள்ளிருந்து கூப்பிட்டார். பயந்து பயந்துதான் போனேன். கொத்தோடு ஒரு காயை ஏந்தி அடியைத் திருப்பிக் காட்டினார். பச்சையாக, மழமழவென்று இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்துக் காயும் அப்படியே. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வேற ஆளு பாத்துக்கிறச் சொல்லி மொதலாளிக்குப் போன் போட்டுட்டேன்" என்றார்.

"எப்ப? இப்பவா?"

"சுண்ணாம்பக் கழுவுன அன்னைக்கே."

இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று அவரைத் திட்டித் தீர்த்தேன். அழுதுகொண்டேதான் திட்டினேன்.