முதலியார்பேட்டை குவார்ட்டர்பேக்

போன வாரம் நேரு வீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், மகளுக்கு இறகுப்பந்து வாங்க நின்றிருந்தேன். அலமாரியின் மேல்தட்டில், கிரிக்கெட் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில், பழுப்பாய், இரண்டு முனையும் கூராய் ஒரு பந்து. பார்த்ததும் ஓரடி பின்வாங்கினேன். நான் எதைப் பார்த்தாலும் பின்வாங்குகிறவன், அது வேறு விஷயம். வீட்டுக்கு சிலிண்டர் வந்து இறங்கினால்கூட நான் தெருமுனைவரை போய்த்தான் நிற்பேன். நான் முறைத்துப் பார்ப்பதைக் கண்ட கடைப்பையன் பந்தை எடுத்துக் கையில் கொடுத்தான்.

"ரக்பி பந்துண்ணா. வெள்ளக்காரங்க வாங்குவாங்க."

"ரக்பி இல்ல தம்பி. இது அமெரிக்காக்காரன் ஃபுட்பால். தையல் ஓடுது பாரு, அதும் மேல வெரல வச்சித்தான் எறியணும்."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் செருப்பைப் பார்த்தான். நியாயம்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வட்டி கணக்கு வராது, இங்கிலீஷ் வராது. ஆனால் நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும் என்பது தெரியும். பாண்டிச்சேரியில் இந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு டீ குடிக்க முடியாது.

"எங்க வூட்டு மாப்ள இதுல சாம்பியன்" என்றேன். பையன் சிரித்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. முதன்முதலில் கேட்டபோது நானும் சிரித்தவன்தான்.

பந்தை மூக்கருகே கொண்டுபோனேன். ரெக்சின் வாசனை. எனக்கு அந்தக் காலத்தில் சோறு போட்ட வாசனை அது. முதலியார்பேட்டையில், கடலூர் ரோட்டு ஓரமாக, பைக்குக்கு சீட் கவர் தைக்கும் கடையில் வேலை. மெஷினில் உட்கார்ந்தால் எதிரே தர்பூசணி மண்டி. மாசி பிறந்தால் திண்டிவனம் பக்கமிருந்து லாரி வந்து நிற்கும். வைக்கோல் மேல் அடுக்கி வந்த பழம். தார்ப்பாயை விலக்கியதும் ஈர வைக்கோல் வாசனை ரோட்டைத் தாண்டி வந்து என் ரெக்சின் வாசனையை அமுக்கிவிடும். இந்த இரண்டு வாசனைக்கும் நடுவில்தான் என் தங்கை ரெஜினாவின் வாழ்க்கை இருந்தது. அவள் புருஷன் சவரி அந்த மண்டியில் லோடுமேன்.

லாரி மேல் நிற்பது அவன். கீழே வாங்கிக் குவியல் போடுவது பாகூர்ப் பக்கத்துப் பலராமன். பெரிய பழத்தை எல்லோரும் இரண்டு கையால்தான் தள்ளுவார்கள். கருப்பாய், நீளவாக்கில் வரும் சின்ன ரகத்தை சவரி ஒற்றைக் கையில் ஏந்துவான். தோளுக்கு மேலிருந்து புறப்படும் பழம், நடுவில் நிற்கும் சைக்கிள், ஆள், நாய் எல்லாவற்றையும் தாண்டிப் பலராமன் கையில் போய் உட்காரும். சத்தமே வராது. எனக்குத்தான் ஒவ்வொரு பழத்துக்கும் உயிர் போய்த் திரும்பும். "நீ தைக்கிறியா, இல்ல அங்க பழம் புடிக்கிறியா?" என்று முதலாளி தலையில் தட்டுவார்.

மண்டியில் ஒரு சட்டம் உண்டு. பழம் உடைந்தால் எறிந்தவன்தான் பொறுப்பு. பிடிக்கிறவன் தும்மியிருந்தாலும், தெருவில் போகிற பெண்ணைப் பார்த்திருந்தாலும் எறிந்தவன் தலையில்தான் விடியும். அதனால் சவரி ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால், "கண்ணு குடு" என்பான். பலராமன் நிமிர்ந்து பார்ப்பான். பார்த்த பிறகுதான் பழம் கையை விட்டுக் கிளம்பும். பாராதவன் கையில் எதையும் போடக் கூடாது. அவனுக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். ரெஜி வீட்டில் உலை கொதித்ததும் அந்த வலது கையால்தான்.

அந்தக் கையைத்தான் மேனேஜர் பார்த்துத் தொலைத்தார்.

ஏதோ விளையாட்டுக் கம்பெனியின் மேனேஜர், பழம் வாங்க வண்டியை நிறுத்தியவர். கருப்புக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருப்பார். வெயில் கண்ணில்தான் அடிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. கழுத்தில் ஒரு விசில். ஊதி ஒரு நாளும் கேட்டதில்லை. இப்படிக் கழுத்தில் விசில் தொங்குகிறவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அமெரிக்க ஃபுட்பாலை இந்தியாவுக்குக் கொண்டு வருகிறோம், ஊருக்கு ஒரு டீம், டிவியில் வரும், நாடே பார்க்கும் என்றார். கபடியையே ஒழுங்காகப் பார்க்காத நாடு. சவரியை லாரியிலிருந்து இறங்கச் சொல்லி அவன் தோளை, சந்தையில் மாட்டைத் தடவுவதுபோலத் தடவினார்.

"ஒனக்கு குவார்ட்டர்பேக் கை தம்பி. அமெரிக்காவுல அந்த எடத்துல நிக்கிறவன்தான் ராஜா."

சம்பளம் போட்டு ராஜா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். என் மாப்பிள்ளைக்கு வரவில்லை. அன்று சாயந்திரமே ரெஜி வீட்டில் பஞ்சாயத்து.

"கழுத்து கிழுத்து ஒடிஞ்சா இன்னா பண்ணுவ மாப்ள?" என்றேன். "ஒரு சீசன் மண்டிக்குப் போவலன்னா ஒன் எடத்துல வேற ஆளு ஏறிடுவான்."

"மச்சான், நீ கொட புடிச்சிக்கிட்டு குளிக்கிற ஆளு" என்றான் சவரி.

ரெஜி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவரு போவட்டும்ணா. எத்தினி நாளைக்கி லாரி மேல நிக்கிறது. நீ பயந்து பயந்தே எட்டாவதோட நின்ன. எல்லாரையும் நிக்கச் சொல்லாத" என்றாள்.

லாசுப்பேட்டைப் பக்கம் ஒரு பொட்டலில் பயிற்சி. கபடி ஆடியவன், ஜிம்முக்குப் போனவன், துணிக்கடை செக்யூரிட்டி, எல்லாருக்கும் பிளாஸ்டிக் தோள்பட்டையும் கூண்டு வைத்த ஹெல்மெட்டும் மாட்டிச் சித்திரை வெயிலில் ஓடவிட்டார்கள். வேகவைத்த நண்டு மாதிரி இருப்பார்கள். பட்டைகளின் வார் பிய்ந்துபோகும். தைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளத்துக்காகப் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். பயத்தில் போனேன்.

ஆட்டத்தை ஒரு வார்த்தையில் சொல்கிறேன். குனிந்து நிற்கிற ஒருவன் காலிடுக்கில் பந்தைப் பின்னால் தருவான். குவார்ட்டர்பேக் வாங்கி, தூரத்தில் ஓடுகிற தன் ஆளுக்கு எறியவேண்டும். அதற்குள் எதிராளிகள் நாலு பேர் அவன்மேல் வந்து விழுவார்கள். விழலாமாம், சட்டமே அதுதானாம். ஓடுகிறவன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கிளம்பிவிட வேண்டும். அவன் திரும்பும்போது பந்து அங்கே இருக்கவேண்டும். பழக்க வந்திருந்த அமெரிக்கக் கோச் தொண்டை கிழியக் கத்துவார். சவரி பந்தை வைத்துக்கொண்டு நிற்பான். ஓடுகிறவன் பார்க்கட்டும் என்று நிற்பான். அதற்குள் மேலே வந்து விழுந்துவிடுவார்கள்.

"ஆள் திரும்புறதுக்கு முன்னாடியே போடணும்பா" என்றார் மேனேஜர்.

"பாக்காதவன் கையில எப்டி சார் போடுறது? வுழுந்தா யாரு பொறுப்பு?"

"யாரும் பொறுப்பில்ல. அடுத்த ஆட்டம் ஆடிட்டுப் போவவேண்டியதுதான்."

சவரி அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. உடைந்தால் யாரும் பொறுப்பில்லாத தொழிலை அவன் அதுவரை கண்டதில்லை. நானும் கண்டதில்லை, அதற்கப்புறம் நிறையக் கண்டுவிட்டேன்.

கடைசியில் சவரி அடம்பிடித்துப் பலராமனையும் டீமில் சேர்த்தான். பலராமனுக்கு ஓடும்போதே கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பழக்கம். அதை வைத்து ஓட்டினார்கள்.

போட்டி வெளி மாநிலத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. பெரிய மைதானம், ஈ காக்கை இல்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் மெஸ் சமையல்காரர், பஸ் கிளீனர், நான் என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள். கை காட்டினால் தட்டவேண்டும். கேமரா திரும்பியதும் எதிர்ப்பக்கம் ஓடவேண்டும். விளையாடியவர்களைவிட நாங்கள் அதிகம் ஓடினோம் என்று நினைக்கிறேன். டிவிக்காக நான் கைதட்டியது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். அதுவும் டிவியில் வரவில்லை.

இறுதி ஆட்டத்தில் கடைசி முயற்சி. சவரி கையில் பந்து. பலராமன் எதிராளி எல்லைக்கோட்டுக்கு அப்பால் மூலையை நோக்கி ஓடுகிறான், அங்கே பிடித்தால் ஜெயம். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், அதனால் திரும்ப முடியவில்லை. எதிராளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மாடு மாதிரி இரண்டு பேர். போடு, போட்டுத் தொலை என்று நான் எழுந்து நின்று கத்துகிறேன். அவன் போடவில்லை. பலராமன் உதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் பந்து கிளம்பியது. அதே நொடி அந்த இரண்டு பேரும் சவரியின் வலது தோள்மேல் விழுந்தார்கள். பந்து அவ்வளவு பேரையும் தாண்டிப் போய்ப் பலராமன் கையில் உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

ஜெயித்துவிட்டார்கள். எல்லோரும் பலராமனிடம் ஓடினார்கள். நான் சவரியிடம் ஓடினேன். எழுந்து உட்கார்ந்திருந்தான். கை, ஆணியில் மாட்டிய சட்டைக் கை மாதிரித் தொங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. மேனேஜர் கோப்பையோடு வந்தார். சவரி இடது கையை நீட்டினான்.

"வலது கையில புடிப்பா. போட்டோவுக்கு நல்லாருக்காது."

பிடித்தான். அந்தப் போட்டோ இன்னும் ரெஜி வீட்டில் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பதுபோல்தான் இருக்கும்.

ஊருக்கு வந்தால் மண்டி வாசலில் பிளெக்ஸ். எந்த அமெரிக்கனுடைய உடம்பையோ எடுத்து, அதன்மேல் ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து சவரியின் தலையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். 'அமெரிக்காவை வென்ற முதலியார்பேட்டைச் சிங்கம்' என்று எழுத்து. அவன் வென்றது வேறொரு ஊர்த் துணிக்கடைச் செக்யூரிட்டிகளை. ஆறு மாதம் முன்பு "ஏய் லோடு" என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் மாலையோடு வந்தார்கள். "எத்தினி கோல் போட்ட?" என்று கேட்டார்கள். கோல் கிடையாது என்றால் முகம் சுருங்கியது. இருந்தாலும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊர் ஒரு மனிதனை மதிக்க அவனைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிளெக்ஸ் இருந்தால் போதும்.

என் மாப்பிள்ளையையும் நான் குறை சொல்லாமல் விடமாட்டேன். கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டால் ஸ்பான்சர் எதிரில் அசிங்கம் என்று மேனேஜர் சொன்னாராம். இவன் கேட்டானாம். தோள் வீங்கி வேகிறது, இவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிவிழா, கோயில் விழா, கல்யாண மண்டபம் என்று சால்வை வாங்கப் போகிறான். ராத்திரி முனகுகிறான் என்று ரெஜி என்னிடம் வந்து அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்கு வா மாப்ள" என்றேன்.

"டிவியில வரட்டும் மச்சான். வந்ததும் கம்பெனியே பாத்துக்கும்."

வரவில்லை. மேனேஜரின் போன் முதலில் பிஸியாக இருந்தது, பிறகு அணைந்திருந்தது, பிறகு வேறு யாரோ ஒரு அம்மா எடுத்தார். பெரியாஸ்பத்திரி டாக்டர் கையை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வுழுந்த அன்னிக்கே வந்திருக்கலாமே" என்றார். அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் எனக்குக் காதில் ஏறவில்லை.

"கோப்பையில அரிசி கொட்டி வைக்கலாம்னு பாத்தேண்ணா. கோப்ப மட்டுந்தான் இருக்குது" என்றாள் ரெஜி.

அடுத்த மாசியில் முதல் லாரி வந்தபோது சவரி மண்டிக்குப் போனான். அவன் இடத்தில் ஏறியிருந்த ஆளைப் பலராமன் ஏதோ சொல்லி இறக்கிவிட்டான். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவரி சின்னதாய் ஒரு பழத்தை ஏந்தினான். கீழே பலராமன் கண்ணை எடுக்காமல் நின்றான். கை மார்புவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. பழம் நழுவி அவன் காலடி வைக்கோலில் விழுந்தது. உடையக்கூட இல்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"எறங்குடா. டீ சாப்புடலாம்" என்றான் பலராமன்.

ஒரு சாம்பியனின் ஆட்ட வாழ்க்கை அப்படித்தான் முடிந்தது.

இப்போது அந்த மண்டி இல்லை. பைபாஸ் பக்கம் போய்விட்டது. பழம் பிளாஸ்டிக் பெட்டியில் வருகிறது, தள்ளுவண்டியில் இறங்குகிறது, யாரும் யாருக்கும் எதையும் வீசுவதில்லை. சீட் கவர் கடை இருந்த இடத்தில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, பிரெஞ்சில் பெயர் எழுதி, குட்டிக் கோப்பையில் காபி தருகிறார்கள். பயிற்சிப் பொட்டல் முழுக்க வீடுகள். பிளெக்ஸ் அடித்தவர்கள் வேறு வேறு சிங்கங்களுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பலராமன் ஊரோடு போய்விட்டான். ரெஜி ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமைக்கிறாள். சவரி நோணாங்குப்பத்தில், படகுத்துறைக்கு வருகிறவர்கள் வண்டி விடும் இடத்தில் வாட்ச்மேன். இடது கையால் விசில் பிடித்து ஊதுகிறான். இவன் விசில் சத்தம் கேட்கும்.

கடையில் பந்தைப் பார்த்த மறுநாள் அவனைப் பார்க்கப் போனேன். வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் யாரோ ஒரு பெரிய குவார்ட்டர்பேக், கோட்டு சூட்டில், மைக் முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். ஆட்டத்தை விட்டுப் போகிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பின்னால் அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அழுதார்கள்.

"இன்னாவாம் மாப்ள?"

"தெரில மச்சான். காலைலேர்ந்து இதான் ஓடுது."

அந்த மனிதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினான். சவரி கட்டைவிரலால் படத்தை நிறுத்தினான்.

"கைதான் மேல போவுதே" என்றான். "அப்புறம் இன்னாத்துக்கு அழுவுறான், நாயி."