அவள் படம் வந்த பேப்பர்

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் பெரம்பலூரே இலங்கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தையல் கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்போம். அவர் வாங்குகிற ஒரு பேப்பரைத் துணி கொடுக்க வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று பாதி ஊர் படிக்கும். கொழும்பில் தமிழர் கடைகள் எரிகிற படம் வந்த அன்று கடை வாசலில் நிற்க இடமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். கடையடைப்பு நடந்தது, திருச்சி பஸ்கூட ஓடவில்லை. பாய் வாசலில் ஒரு சாக்கைக் கட்டி, அகதிகளுக்குத் துணி தாருங்கள் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். சாயங்காலத்துக்குள் சாக்கு நிறைந்துவிட்டது.

நானும் இலங்கையிலிருந்து வந்தவள்தான். எங்களை ஊரில் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் அத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் முன்னோர்கள் கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். எழுபதுகளின் நடுவில் தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. ரேஷனில் கிடைத்த மாவும் அரிசியும் குறைந்தன. அம்மா கண்ட கீரையையும் கிழங்கையும் அவித்துக் கொடுத்தாள். என் தம்பிக்கு முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். ஒரு காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. தோட்டத்துக் கூலிக்காரர் வீடுகளான எங்கள் லயத்து வரிசையில் அவன் மட்டுமல்ல, வேறு பிள்ளைகளும் போனார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா, இரண்டு அரசாங்கமும் போட்டிருந்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகச் சம்மதித்தார். கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினோம். மண்டபம் முகாமில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தோம். எங்களைப் பார்க்க ஒரு நிருபரும் வரவில்லை. அப்பா பெரம்பலூரில் கல் உடைக்கப் போனார், அம்மா கடலைக்காட்டுக் கூலிக்குப் போனாள்.

அந்த ஆடி மாதத்தில் நான் முதன்முதலாக ஒரு நாட்டு நடப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பேப்பரின் முதல் பக்கம், இரண்டாம் பக்கம், நடுப்பக்கம் எல்லாம் கொழும்புத் தமிழர்களுடையது. என் தம்பிக்கு ஒரு ஓரத்தில்கூட இடம் இருந்ததில்லை.

அடுத்த மாதமே அங்கிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஊருக்கு வந்துசேர்ந்தது. அப்பா, அம்மா, என் வயதில் ஒரு பெண். கொழும்பில் வீட்டை எரித்துவிட்டார்கள். கப்பலில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து படகில் இந்தக் கரைக்கு வந்து, தெரிந்தவர் ஒருவர் மூலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். தெருவே அவர்களுக்குப் பாத்திரமும் படுக்கையும் கொண்டுபோய்க் கொடுத்தது. பாய் என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பொண்ணுக்கு ரெண்டு ஜாக்கெட் தச்சுக் குடும்மா. கூலி வேணாம்” என்றார்.

அவள் அளவு கொடுக்க வந்தாள். டேப்பை அவள் தோளில் வைத்தபடி நானும் இலங்கைதான் என்றேன்.

“அப்பிடியோ! எந்த இடத்தில இருந்தனீங்கள்?” என்று திரும்பினாள்.

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன்.

“நாங்கள் கொழும்பிலதான் இருந்தனாங்கள். உண்மையா எங்களுக்கு ஒண்டும் தெரியேல்ல. பேப்பரில வரேல்லயே” என்றாள்.

அங்கேயும் வரவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜாக்கெட் போட்டுப் பார்க்க அவள் வந்த அன்று, அவளைத் தேடிக்கொண்டு திருச்சியிலிருந்து ஒரு நிருபரும் போட்டோக்காரரும் கடைக்கே வந்துவிட்டார்கள். பாய் தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். நிருபர் குனிந்து, “வீட்ட எரிக்கறப்ப நீங்க எங்கங்க இருந்தீங்க? பயப்படாம சொல்லுங்க” என்று கேட்டார். அவள் மெதுவாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என்னிடம் ஒருவரும் அப்படிக் குனிந்து கேட்டதே இல்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு நான் முன்னால் போனேன்.

“சார், நாங்களும் அங்கேர்ந்துதான் சார் வந்தோம்.”

“எப்பம்மா?”

“எழுபத்தஞ்சுல.”

“கலவரத்துலயா?”

“இல்ல சார், பட்டினியில. என் தம்பி அங்கதான் செத்தான்.”

அவர் பேனாவை மூடினார். “அது பழைய சமாச்சாரம்மா. இப்ப நடக்கறதத்தான் ஆபீஸ்ல கேக்கறாங்க. நாளைக்கு அரியலூர் போயிட்டு இந்த வழியாத்தான் வருவேன். அப்ப வேணா பேசலாம்” என்றார்.

அதை நான் அம்மாவிடம் சொல்லாமலிருக்க முடியவில்லை. அம்மா மறுநாள் வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். மதியம் சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் நிருபர் வந்தார். சொன்ன சொல்லுக்கு வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா முதலிலிருந்து சொன்னாள். என்ன கீரை, எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் எத்தனை பேருக்கு வரும், தம்பி கடைசியாக ரொட்டி கேட்டது எல்லாம். அவர் முகம் வாடித்தான் கேட்டார். ஆனால் எழுதவில்லை. டீயைக் குடித்துவிட்டு, “பாக்கறேம்மா” என்று பஸ் ஏறினார்.

அதன்பிறகு அம்மா தினமும் வேலை முடிந்து கடைக்கு வந்து, “வந்துருக்கா?” என்று கேட்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் இல்லை என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்தது. பக்கத்தின் மேல்பாதியில் அந்தப் பெண்ணின் படம், நான் தைத்த ஜாக்கெட்டோடு. கீழே அவள் சொன்னதெல்லாம். கட்டுரை முடிகிற இடத்தில் ஒரு வாக்கியம்: தோட்டத்துத் தமிழர்கள் தங்களுக்கு முன்பே பட்டினியில் செத்ததாகவும், அதை யாரும் எழுதவில்லை என்றும் அவர் வருத்தத்துடன் கூறினார். அந்த ‘அவர்’ அவள்தான். எனக்காக அவளாகவே நிருபரிடம் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“வந்துடுச்சா! பாத்தியா, நான் சொன்னேன்ல.”

“நீ சொன்னதாப் போடலம்மா. அவ சொன்னதாப் போட்டுருக்காங்க.”

“யாரு சொன்னா என்னடி? என் புள்ள செத்தது ஊருக்குத் தெரிஞ்சா சரி.”

எனக்குச் சரியாக இல்லை. எங்கள் பசியைச் சொல்லவும் அவள் வாய்தான் வேண்டியிருந்தது என்று வயிறு எரிந்தது. நல்லது செய்தவள் மேல் எரிந்ததால் இன்னும் அதிகமாக எரிந்தது.

இரண்டாவது ஜாக்கெட்டை வாங்க வந்தபோது அவள் ஆசையாகக் கேட்டாள். “உங்கட கதையையும் போட்டிருக்கினம், பாத்தனீங்களோ?”

“பாத்தேன். உங்க படம் நல்லா வந்துருக்கு” என்றேன்.

அவள் முகம் மாறியது. “எனக்குப் படம் எடுக்க விருப்பமே இல்ல. அண்ணா எங்க எண்டு தெரியேல்ல. அண்டைக்கு வேலைக்குப் போனவர்தான். எங்கயாவது இருந்தால், பேப்பரைப் பாத்திட்டு வருவார் எண்டுதான் எடுக்க விட்டனான்.”

அவள் அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எனக்குள் ஒன்று அடங்கவில்லை. அவளுக்குக் காத்திருக்க ஒரு அண்ணன் இருந்தான்.

தைப் பொங்கலுக்கு முன்னால் அவர்கள் திருச்சிக்குக் குடிபோய்விட்டார்கள். அந்தப் பேப்பரை யாரோ சொந்தக்காரர் பார்த்து, அண்ணன் ஜெர்மனியில் இருக்கிறான் என்று தகவல் கொடுத்தாராம். பாய்தான் வந்து சொன்னார். “அல்லா கண் தொறந்துட்டான்” என்று எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். சந்தோஷமாகத்தான் குடித்தேன். பேப்பரில் வந்தால் ஆள் கிடைக்கும், வராவிட்டால் புதைத்த இடம்கூடத் தெரியாமல் போகும் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

அதற்குப் பிறகு இலங்கைச் செய்தி உள்பக்கத்துக்குப் போனது. அப்புறம் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. கடை வாசலில் தொங்கிய அட்டை மழையில் நனைந்து விழுந்ததை யாரும் எடுத்துக் கட்டவில்லை.

அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவில் பஞ்சம் என்று படங்கள் வர ஆரம்பித்தன. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்வந்த ஒரு அம்மாள், அங்கே அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபம் பண்ணினார்கள் என்றாள். ஒரு படத்தில், எந்த ஊர் என்றே தெரியாத நாட்டில் ஒரு தாயின் மடியில் படுத்திருக்கும் குழந்தையின் முன்னால் யாரோ கேமராவோடு குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அந்தக் குழந்தையைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டேன். இவ்வளவு தூரம் ஒருவன் வந்திருக்கிறானே என்று.

அன்று கடைக்கு வந்த அம்மா பேப்பரை வாங்கி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். குழந்தையின் காலை விரலால் தொட்டாள்.

“வீங்கியிருக்குடி” என்றாள். பிறகு, “இந்தப் புள்ள பொழச்சுதா? என்ன போட்டுருக்கான், படி” என்றாள்.

படித்துப் பார்த்தேன். அதைப் போடவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அம்மா வந்து கேட்டாள். வேறு வேறு குழந்தைகளின் படம் வந்தது. அந்தக் குழந்தையைப் பற்றி மறுபடி ஒரு வரியும் வரவில்லை.