நியூட்ரலில் போட்டால் போதாது

கோடை வந்துவிட்டால் இந்த இங்கிலாந்தில் வீடுகள் தெருவில் இறங்கி ஓடத் தொடங்கும். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே வைத்த பெரிய வாகனம். மோட்டர் ஹோம் என்பார்கள். சிலவற்றின் பின்னால் ஒரு சின்னக் காரும் கொழுவியிருக்கும். முதன்முதல் அப்படி ஒன்றைக் கண்டபோது, காருக்குள் ஆளில்லையே என்று பதறிப்போய் ஹோர்ன் அடித்தேன். முன்னால் ஓட்டியவர் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

போன வருடம் நாங்களும் பழைய மோட்டர் ஹோம் ஒன்றை வாங்கினோம். இலங்கையில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு மன்னாரிலிருந்து சட்டி பானையோடு ட்ரக்டரில் போய், காட்டுக்குள் கூடாரம் அடித்துக் கிடந்து வளர்ந்தவன் நான். இங்கே வால்சிங்ஹாம் என்ற கிராமத்து மாதாவிடம் கோச் பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவருவது எனக்கு ஒருநாளும் திருப்தி தந்ததில்லை. இந்த முறை போய்த் தங்குவது என்று முடிவெடுத்தேன். மோட்டர் ஹோமைப் புல்வெளியில் விட்டுவிட்டு, அந்தக் கிராமத்து ஒடுங்கிய வீதிகளில் சுற்ற ஒரு கார் தேவை. என் மனைவி ஜெசிந்தா தன் காரைத் தனியாக ஓட்டி வரலாம்தான். ஆனால் அவளுடைய ஷிப்டும் என்னுடைய ஷிப்டும் மாறி மாறி, கிழமை முழுக்க ஒருவரையொருவர் வாசலில் மட்டும் காண்கிற ஆட்கள் நாங்கள். மூன்று மணி நேரம் அவள் என் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். காரைப் பின்னால் இழுப்பதென்று தீர்மானித்தேன்.

அது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஓட்டோமேற்றிக் கார். கியர்க் காரில் மூன்று தரம் தோற்றுப்போய், ஓட்டோமேற்றிக்கில் லைசன்ஸ் எடுத்தவள் ஜெசிந்தா. லண்டனில் நாங்கள் இருக்கும் மோர்டனைச் சுற்றி, நடக்க ஏலாத முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி உணவு கொடுப்பது அவளுடைய வேலை. அந்தக் கார் இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை.

மோட்டர் ஹோமை விற்றவர் முக்கோண இரும்புச் சட்டம் ஒன்றையும் தந்திருந்தார். நானே காரின் முன்பக்கம் கொளுக்கி பூட்டி, சட்டத்தைக் கொழுவினேன். நாலு சக்கரமும் நிலத்தில் உருளும். மடு வீதியில் நின்றுபோன வான் வண்டிகளை ட்ரக்டரில் கயிறு கட்டி எத்தனை மைல் இழுத்திருப்பேன்! கியரை நியூட்ரலில் போட்டால் சரி. எனக்கு வாகனம் இழுக்க ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர் நிறைய இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு கென் தேநீர்க் கோப்பையோடு வேலியருகே வந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது ஓட்டோமேற்றிக்தானே? பேர்ஹாப்ஸ், கார்ப் புத்தகத்தை ஒருமுறை பார்க்கலாமோ?” என்று மெதுவாகக் கேட்டார். நன்றி சொன்னேன். அவர் உள்ளே போனார். நான் தெருவை இரண்டு தரம் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு வெற்றியோடு வந்து நிறுத்தினேன்.

அன்றைக்கு மட்டும் கூட வேலை செய்பவளின் காரில் சுற்றிய ஜெசிந்தா, வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொழுவியிருந்த காரைக் கண்டதும் கேட்டாள்.

“கென் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“புத்தகத்தைப் பாக்கலாமோ எண்டார். சும்மா கதைக்கு.”

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள். “ஐயோ, இந்தச் சனம் சும்மா கதைக்கு வேலிக்குக் கிட்ட வராதப்பா! நான் பாக்கிற மனுசி ஒராள் இடுப்பெலும்பு உடைஞ்சு கிடந்துகொண்டு, ‘கொஞ்சம் வசதியீனமா இருக்கு’ எண்டவ. கென் உங்களை நிப்பாட்டச் சொல்லியிருக்கிறார்!”

புத்தகத்தை எடுத்தோம். முன்சக்கரங்கள் நிலத்தில் உருள இந்தக் காரை இழுக்கவே கூடாது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அவளுடைய காரை, அவள் வேலையை, என் திமிரால் நாசம் செய்துவிட்டேனோ என்று வெட்கமும் பயமுமாகக் கெனின் கதவைத் தட்டினேன்.

அவர் ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. இஞ்சின் ஓடினால்தான் கியர் பொக்ஸுக்குள் பம்ப் எண்ணெயைத் தள்ளும்; இஞ்சின் நிற்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே வறண்டு உரசிக் கருகிவிடும், நியூட்ரலில் போட்டாலும் அதே கதைதான் என்று விளக்கினார். நான் ஊரில் இழுத்தவை எல்லாம் கையால் கியர் போடுகிற வான்கள். பிறகு காரை மெதுவாக ஓட்டி, எல்லாக் கியரையும் மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். இறங்கி வந்து, “நொட் டூ பாட்” என்றார்.

‘அவ்வளவு மோசமில்லை’ என்றால் கொஞ்சம் மோசம்தானே என்று நான் கலங்கிப்போய் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, “ஒரு பிழையும் இல்லையாம்” என்றாள்.

அடுத்த நாள் காலை எங்கள் வாசலில் ஒரு ட்ரெயிலர் நின்றது. காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே கென் தன் நண்பரிடமிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார். எங்கள் மோட்டர் ஹோம் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதையும் முந்தின நாளே பார்த்துவைத்திருக்கிறார். காரின் நாலு சக்கரத்தையும் மேலே ஏற்றி, பட்டிகளால் சக்கரங்களை இறுக்கினோம். கேட்காமல் உதவி செய்துவிட்டு, அதைப் பற்றிப் பேச்செடுத்தால் வானிலையைப் பற்றிக் கதைக்கிற இந்த மனிதர்களை எனக்கு நிரம்பப் பிடித்துப்போய்விட்டது. மூன்று மணி நேரமும் ஜெசிந்தா கதைத்துக்கொண்டு வந்தாள்.

வால்சிங்ஹாமில் நாங்கள் தங்கிய புல்வெளியில், எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரர் ஒருவர் பற்றரி செத்துப்போன தன் காரை ஒரு வான் வண்டியோடு கயிறு கட்டி இழுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஓட்டோமேற்றிக். கிட்டப் போய், “புத்தகத்தை ஒருக்காப் பாத்தால் நல்லமோ தெரியாது” என்றேன். “ஓம் அண்ணை” என்று சிரித்துவிட்டு முடிச்சை இறுக்கினார்.

“ஐசே, உமக்கென்ன விசரோ? விடும் கயித்தை! கியர் பொக்ஸ் கருகப் போகுது!”

நான் கத்திய கத்தலில் புல்வெளி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கயிற்றைக் கீழே போட்டார். வேறொரு காரிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் ஆக்கினோம். மத்தியானம் அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டோம்.

அடுத்த நாள் வீடு வந்து ட்ரெயிலரைத் திருப்பிக் கொடுக்கும்போது, பயணம் எப்படி என்று கென் கேட்டார். மாதாவுக்கு முன்னால் நின்று அழுதது, அந்தக் குழம்பு, பக்கத்தில் இருந்து ஓயாமல் கதைத்த ஜெசிந்தா எல்லாம் எனக்கு நெஞ்சுமுட்ட இருந்தன.

“நொட் டூ பாட்” என்றேன். கெனின் முகம் மலர்ந்துவிட்டது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஜெசிந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நேற்று அந்தப் புல்லுக்குள்ள நிண்டு கத்தின மனுசன் எங்க போயிட்டார்?” என்றாள்.